வாசகர் கேள்விகள்: பெங்களூரில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன அகதி வாத்தியார்

போன மாதம் சி.வி. ராமனைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘ஹிட்லர் துரத்திய மாக்ஸ் போர்னை ராமன் பெங்களூருக்கு வரவழைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ராமனுக்கே வரவில்லை. அதனால் இந்த முறை முழுக்க அந்த ஜெர்மன் இயற்பியல் பேராசிரியர் போர்ன்தான். சினிமா, அரசியல் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: எங்கள் பாடத்தில் ‘போர் அணு மாதிரி’ என்று வருகிறதே, நீங்கள் சொன்னவர் அவர்தானா சார்?

இல்லை அம்மா. அவர் நீல்ஸ் போர், டென்மார்க்காரர். இவர் மாக்ஸ் போர்ன், ஜெர்மானியர். தமிழில் எழுதினால் ஒரே ஒரு ‘ன்’தான் வித்தியாசம், அச்சுக்கோப்பவர் கண்ணசந்தால் அதுவும் போய்விடும். இரண்டு பேரும் ஒரே காலத்தவர்கள், ஒரே துறைக்காரர்கள், நண்பர்களும்கூட. போர்ன் பிறந்தது 1882 டிசம்பர் 11, ப்ரெஸ்லாவ் நகரில். இன்றைக்கு அந்த ஊர் போலந்தில் இருக்கிறது, பெயரும் மாறிவிட்டது. பரீட்சையில் இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், திருத்துகிறவர் சிரிப்பார்.

ஓய்வுபெற்ற தபால்காரர், விருதுநகர்: பெரிய பேராசிரியர் என்கிறீர்கள், அகதி என்றும் சொல்கிறீர்கள். அகதி என்றால் முகாமில் இருப்பவர் அல்லவா?

மண்டபம் முகாமைப் பக்கத்திலிருந்து பார்த்த மாவட்டத்துக்காரர் நீங்கள், உங்களுக்கு அப்படித் தோன்றுவது நியாயம்தான். போர்ன் தகரக் கொட்டகையில் இருக்கவில்லை, ரேஷனுக்கு நிற்கவில்லை. அந்த வகையில் அவர் கொடுத்துவைத்த அகதி.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். 1933 ஏப்ரல் 7ஆம் தேதி, யூத வம்சாவளியினரை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டத்தை நாஜி அரசு கொண்டுவந்தது. போர்ன் பல ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவத்துக்கு மாறியவர், முதல் உலகப்போரில் ஜெர்மன் ராணுவத்துக்காக வேலை பார்த்தவர். ரத்தத்தைப் பார்க்கிற சட்டத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? ஏப்ரல் 25ஆம் தேதி பத்திரிகையில் வந்த பட்டியலில் தன் பெயரைப் பார்த்துத்தான் தன்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து இடைநீக்கம் செய்துவிட்டார்கள் என்பதே அவருக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு கடிதம்கூட இல்லை. அப்போது வயது ஐம்பது, மூன்று பிள்ளைகள். 12 வருடம் பாடுபட்டு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை உலக இயற்பியலின் தலைநகரங்களில் ஒன்றாக ஆக்கி வைத்திருந்தார். மே மாதமே குடும்பத்தோடு கிளம்பி இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார்.

கோட்டிங்கனில் அவருடைய நண்பர் ஜேம்ஸ் பிராங்க் இருந்தார், நோபல் வாங்கியவர். உலகப்போரில் போர்முனைக்குப் போனவர் என்பதால் அந்தச் சட்டத்தில் அவருக்கு விலக்கு உண்டு. எனக்கு உங்கள் சலுகை வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ராஜினாமா செய்தார். மற்ற சகாக்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை, சிலர் பிராங்க்கைக் கண்டித்து அறிக்கையே விட்டார்கள்.

கேம்பிரிட்ஜில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. தற்காலிகம் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். உலகமே பெயர் தெரிந்து வைத்திருக்கிற மனிதர், மூன்று வருடத்துக்குப் பிறகு சோறு எங்கே என்று தெரியாமல் இருந்தார். முகாம் இல்லாவிட்டாலும் அது அகதி வாழ்க்கைதான் என்பது என் கட்சி.

வாசகர், ஓசூர்: ராமன் அழைத்து வந்தும் ஏன் பெங்களூரில் தங்கவில்லை? சண்டையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, எட்டுக் கடிதம். ஓசூர்க்காரர் பெங்களூருக்குப் பக்கம் என்பதால் அவர் பெயரில் போடுகிறேன்.

ராமன் 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து தலைசிறந்த மூளைகளையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். இதில் நாலு பேரை இங்கே கொண்டுவந்தால் என்ன என்று ராமன் யோசித்தார். அந்த நாளில் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு அப்படி யோசிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். 1935இல் போர்னும் மனைவி ஹெடியும் வந்து சேர்ந்தார்கள். சுமார் ஆறு மாதம் இருந்தார்கள். போர்ன் பாடம் நடத்தினார், ராமனின் மாணவர் நாகேந்திர நாத்தோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார். ராமனுக்கு ஆள் பிடித்துப்போயிற்று, கணித இயற்பியலுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவியை உண்டாக்கி இவரை அதில் உட்கார வைக்கத் தீர்மானித்தார்.

விஷயம் கழகத்தின் கூட்டத்துக்கு வந்தது. போர்னையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார் ராமன். தப்புக் கணக்கு. ராமன் புகழ்ந்து பேசி முடித்ததும், புதிதாக வந்திருந்த ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் ஒருவர் நமக்குப் போதாது என்கிற பொருளில் பேசினார். ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு! அதிர்ந்துபோன போர்ன் வீட்டுக்குத் திரும்பியதும் ஹெடியிடம் அழுதுவிட்டதாகப் பின்னால் தானே எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் பெயரைப் பட்டியலில் போட்டபோது வராத அழுகை இங்கே வந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் தஞ்சம் தேடி வந்த இடத்தில் கேட்கிற சொல் வேறு மாதிரித்தான் குத்தும்.

அந்தச் சொல்லின் குறி போர்ன் மட்டுமல்ல. ராமனைப் பிடிக்காத ஒரு கூட்டம் கழகத்துக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. இயற்பியலுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டுகிறார், மற்ற துறைகளை மதிப்பதில்லை என்பது அவர்கள் குறை. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, ராமன் எல்லோரையும் தட்டிக்கொடுத்து அழைத்துப்போகிற ரகம் இல்லை. 1936இல் விசாரணைக் குழு வந்தது, 1937இல் ராமன் இயக்குநர் பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

போர்ன் தங்கியிருந்தால் இந்திய அறிவியலே வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று பலர் ஏங்கி எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் முழுசாக இல்லை. கொண்டுவந்தவர் ஒரு வருடத்தில் பதவி இழக்கிறார், கொண்டுவரப்பட்டவர் அந்த உட்பகையின் நடுவில் தனியாக நிற்கிறார், அது என்ன வாழ்வு? அப்புறம் இன்னொன்று. 1940களில் ராமனுக்கும் போர்னுக்குமே பெரிய சண்டை வந்தது. படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதில். படிகம் மொத்தமும் சேர்ந்து எண்ணற்ற விதங்களில் அதிர்கிறது என்பது போர்ன் 1912லேயே கார்மான் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து போட்ட கணக்கு. இல்லை, குறிப்பிட்ட சில அதிர்வெண்கள்தான் என்றார் ராமன். பின்னால் நியூட்ரான் சோதனைகள் வந்தபோது போர்ன் பக்கம்தான் தீர்ப்பு ஆனது, ராமன் ஒப்புக்கொள்கிறவரா என்ன? ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு போட்ட சண்டையை ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த அறையில் இருந்து போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெங்களூர் கைவிட்டுப் போனதும் மாஸ்கோவிலிருந்து ரஷ்ய இயற்பியலாளர் கபிட்சா கூப்பிட்டார், போர்ன் ரஷ்ய மொழிகூடப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல வேளையாக 1936இல் எடின்பரோவில் ஒரு பேராசிரியர் நாற்காலி காலியானது. அதிலிருந்து எழுந்து போனவர் பரிணாமக் கொள்கை டார்வினின் பேரன். ஸ்டாலின் காலத்து மாஸ்கோவுக்கு ஒரு ஜெர்மன் அகதி போயிருந்தால் 1937இல் என்ன ஆகியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியை, பட்டுக்கோட்டை: அவர் கண்டுபிடித்தது என்ன? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லுங்களேன்.

முயற்சி செய்கிறேன் டீச்சர். 1926இல் ஷ்ரோடிங்கர் எலக்ட்ரானுக்கு ஓர் அலைச் சமன்பாடு எழுதினார். கணக்கு பிரமாதமாக வந்தது. ஆனால் எதன் அலை அது? தண்ணீரில் தண்ணீர் அலைகிறது, ஒலியில் காற்று அதிர்கிறது, இங்கே எது அலைகிறது? போர்ன் சொன்னார்: பொருளே அலையவில்லை, அந்த அலை ஒவ்வோர் இடத்திலும் எலக்ட்ரான் அகப்படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்கிறது.

நாளைக்கு மழைக்கு அறுபது சதவீத வாய்ப்பு என்று ரேடியோவில் சொல்வார்களே, அதுபோலவா என்றால், பாதி அதுபோல. மழை விஷயத்தில் நமக்கு விவரம் போதவில்லை, அதனால் சதவீதம் சொல்கிறோம். எலக்ட்ரான் விஷயத்தில் எல்லா விவரமும் தெரிந்தாலும் வாய்ப்புக்கு மேல் சொல்ல இயற்கையிலேயே ஒன்றும் இல்லை. இதைத்தான் ஐன்ஸ்டீனால் ஜீரணிக்க முடியவில்லை. கடவுள் தாயம் உருட்டுவதில்லை என்று அவர் சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்களே, அது போர்னுக்கு அவர் 1926 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் வருகிற விஷயம். இருவரும் பெர்லினில் சேர்ந்து வயலினும் பியானோவும் வாசித்த சிநேகிதர்கள், கடைசிவரை இதில் ஒத்துப்போகவில்லை.

ஒரு வேடிக்கை. அந்தக் கட்டுரையில் போர்ன் முதலில், வாய்ப்பு அந்த அலையின் அளவைப் பொறுத்தது என்றுதான் எழுதினார். அச்சுப்படி திருத்தும்போது அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தார்: யோசித்துப் பார்த்தால், அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த அடிக்குறிப்புதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பாடம். 1954இல் நோபல் கிடைத்தபோது 28 வருடம் ஆகியிருந்தது.

ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்: அவரிடம் படித்தவர்கள் பலர் நோபல் வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆசிரியராக எப்படிப்பட்டவர்?

கேள்வியில் ஒரு பெருமூச்சு கேட்கிறது தம்பி. என் காலத்தில் ஒரு வழிகாட்டி என்னுடைய ஓர் அத்தியாயத்தை எட்டு மாதம் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார், திரும்பி வந்தபோது அதில் இருந்த ஒரே புதிய விஷயம் டீக்கறை. அதனால் போர்னைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இந்த இடத்தில்தான் கண் நின்றது.

எடின்பரோவில் காலையில் வந்ததும் ஒவ்வோர் ஆய்வு மாணவரிடமாக ஒரு சுற்று வருவாராம். என்ன ஆயிற்று, எங்கே நிற்கிறது என்று கேட்பார். சில நாள், முந்தின நாள் ராத்திரி அந்த மாணவரின் சிக்கலுக்குத் தானே உட்கார்ந்து போட்ட கணக்குத் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். வேலையைச் சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை, கூடவே உட்கார்ந்து போடுகிறவர்.

ரொம்பக் கறாரான ஆள் என்றும் நினைத்துவிட வேண்டாம், கூச்ச சுபாவி. கோட்டிங்கனில் ஒப்பன்ஹைமர் மாணவராக இருந்தபோது, வகுப்பில் யார் பேசினாலும், போர்னே பேசினாலும், குறுக்கே புகுந்து கரும்பலகையைப் பிடித்துக்கொள்வார். பொறுக்க முடியாமல் மற்ற மாணவர்கள் ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு போர்னிடம் கொடுத்தார்கள், முன்னால் நின்றவர் மரியா கோப்பர்ட். நேரே கண்டிக்க போர்னுக்குத் தைரியம் வரவில்லை. ஒப்பன்ஹைமர் வந்திருந்த நேரம் பார்த்து அந்த மனுவை மேஜைமேல் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, ஏதோ வேலையாகக் கூப்பிடுவதுபோல ஏற்பாடு செய்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் ஒப்பன்ஹைமர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். அதோடு தொந்தரவு நின்றது. அந்த மரியாதான் பின்னால் மரியா கோப்பர்ட் மேயர், 1963இல் இயற்பியல் நோபல் வாங்கியவர்.

சரி, பெரிய கதைக்கு வருகிறேன். 1925 கோடையில் போர்னின் உதவியாளர் ஹைசன்பர்க், 23 வயதுப் பையன், மகரந்த ஒவ்வாமை தாங்காமல் ஹெலிகோலாண்ட் தீவுக்குப் போய்த் திரும்பி வந்து ஒரு விசித்திரமான கட்டுரையைக் கையில் கொடுத்தார். அதில் ‘அ’வை ‘ஆ’வால் பெருக்குவதும் ‘ஆ’வை ‘அ’வால் பெருக்குவதும் ஒன்றல்ல. எழுதியவருக்கே அது என்ன என்று தெரியவில்லை. போர்ன் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, இது தான் ப்ரெஸ்லாவில் மாணவனாகப் படித்த அணிக் கணிதம், அதாவது எண்களை வரிசை வரிசையாகக் கட்டத்தில் அடுக்கிப் போடுகிற கணக்கு அல்லவா என்று பிடித்தார். தன் பழைய உதவியாளர் பௌலியைக் கூட்டுச் சேர அழைத்தார், பௌலியோ உங்கள் கணக்கால் ஹைசன்பர்க்கின் நல்ல யோசனையைக் கெடுக்காதீர்கள் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். பிறகு யோர்டான் என்ற இன்னொரு இளைஞரைச் சேர்த்துக்கொண்டு முடித்தார். குவாண்டம் இயக்கவியலின் அஸ்திவாரம் அங்கே போட்டதுதான்.

1932க்கான நோபல் ஹைசன்பர்க்குக்கு மட்டும் வந்தது, அறிவித்தது 1933இல், அதாவது போர்ன் நாட்டை விட்டு ஓடி வந்த அதே வருடம். ஹைசன்பர்க் வெட்கப்பட்டு, நாம் மூவரும் சேர்ந்து செய்ததற்கு எனக்கு மட்டும் பரிசு வந்திருக்கிறது என்று மனம் உறுத்தி அவருக்குக் கடிதம் எழுதினார். போர்னுக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று அவர் நடிக்கவும் இல்லை. ஆனால் அதற்காகத் தன்னைவிடக் கெட்டிக்காரப் பையன்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதை அவர் நிறுத்தவில்லை பாருங்கள், எனக்கு நோபலைவிட அது பெரிதாகப் படுகிறது. ஹைசன்பர்க், பௌலி, ஸ்டெர்ன், விக்னர் என்று அவரிடம் உதவியாளராக இருந்தவர்கள், டெல்ப்ரூக், கோப்பர்ட் மேயர் என்று படித்தவர்கள், இவர்களில் வாத்தியாருக்குப் பிந்தி நோபல் வாங்கியவர்களும் உண்டு, வாத்தியாருக்கு முன்னாலேயே வாங்கியவர்களும் உண்டு.

வாசகர், சிவகாசி: இத்தனை நல்லவர் என்கிறீர்கள். அணுகுண்டு செய்தவர்கள் இவர் மாணவர்கள்தானே?

வெடி ஊர்க்காரர் சரியாகக் குறிவைத்துவிட்டீர்கள்.

ஆமாம். அமெரிக்காவில் ஒப்பன்ஹைமர், அவரோடு குண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் வைஸ்கோஃப். ஜெர்மனியின் யுரேனியம் திட்டத்தில் ஹைசன்பர்க். இவ்வளவு போதாதென்று எடின்பரோவில் கிளாஸ் ஃபூக்ஸ். இவரும் ஜெர்மன் அகதி, கம்யூனிஸ்ட். போர் வந்ததும் பிரிட்டன் ‘எதிரி நாட்டவர்’ என்று அவரைப் பிடித்துக் கனடா முகாமுக்கு அனுப்பியது. நல்ல ஆள், விடுங்கள் என்று போர்ன் கடிதம் எழுதினார். விடுதலையாகி வந்த ஃபூக்ஸ் அணுகுண்டு வேலையில் சேர்ந்தார், அந்த ரகசியங்களை சோவியத்துக்குக் கொடுத்தார், 1950இல் பிடிபட்டு 14 வருட தண்டனை வாங்கினார். எடின்பரோவிலேயே போர்னிடம் படித்த சீன மாணவர்கள் பெங் ஹுவான்வு, செங் காய்ஜியா இருவரும் ஊர் திரும்பிச் சீனாவின் அணுகுண்டுக்கு வேலை பார்த்தவர்கள்.

போர்ன் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. எடின்பரோவில் உட்கார்ந்து படிகக் கணக்கும் திரவக் கணக்கும் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு சீனர் ஹுவாங் குன்னோடு சேர்ந்து 1954இல் அவர் வெளியிட்ட படிகங்களைப் பற்றிய நூல் இன்றைக்கும் அந்தத் துறைக்குக் கைப்புத்தகம். மாணவர்கள் இவ்வளவு திறமைசாலிகளாக இருந்தது சந்தோஷம்தான், கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் குறைந்து விவேகம் கொஞ்சம் கூடியிருக்கலாம் என்று வயதான காலத்தில் எழுதினார். 1955இல் தத்துவவாதி ரஸ்ஸல், ஐன்ஸ்டீன் பெயரில் வெளியான அணு ஆயுத எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் அவரும் ஒருவர். 1957இல் மேற்கு ஜெர்மனி அணு ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 18 விஞ்ஞானிகள் அறிக்கை விட்டபோது அவர் பெயரும் ஹைசன்பர்க் பெயரும் அதில் சேர்ந்தே இருந்தன.

ஆசிரியருக்குப் பொறுப்பு உண்டா என்று கேட்டால், என்னால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. ஃபூக்ஸ் கம்யூனிஸ்ட் என்று போர்னுக்குத் தெரியும். தெரிந்தும், முகாமில் கிடக்கிற பையனுக்காகக் கடிதம் எழுதினார். நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன்.

இல்லத்தரசி, மயிலாடுதுறை: துரத்திய நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டாராமே, ரோஷம் இல்லையா?

ஐன்ஸ்டீனும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார் அம்மா, இன்னும் காரமாக. நம் இனத்தாரைக் கொன்று குவித்தவர்களின் நாட்டுக்கா போகிறீர்கள் என்று எழுதினார், கூடவே, கஞ்சத்தனத்துக்குப் பேர்போன பிரிட்டன்தான் இதற்குப் பொறுப்பு என்றும் குத்தினார். காரணம் ஓய்வூதியம். போர்ன் 1939 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டிஷ் குடிமகன் ஆனார், மறுநாள் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார். ஆனால் அங்கே அவர் வேலை பார்த்த வருடங்கள் குறைவு, 1953இல் ஓய்வு பெற்றபோது பென்ஷன் கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை. ஜெர்மனியில் அவருக்குச் சேர வேண்டியதைத் தர அந்த அரசு தயார், ஆனால் அங்கே வந்து இருக்க வேண்டும். பாட் பிர்மாண்ட் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். ஹெடி, போரை எதிர்க்கிற குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர், அந்த ஊரில் குவேக்கர்கள் உண்டு, அதுவும் ஒரு காரணம்.

வேலையைப் பறித்த கோட்டிங்கன், 1953இல் அவரையும் பிராங்க்கையும் கூப்பிட்டு கௌரவக் குடிமக்கள் ஆக்கியது. 1970 ஜனவரி 5ஆம் தேதி அந்த ஊரிலேயே இறந்தார். கல்லறைக் கல்லில் செதுக்கியிருப்பது அந்த 1925ஆம் வருடச் சமன்பாடு, முன்னும் பின்னுமாகப் பெருக்கினால் ஒன்றாக வராத அதே சமாசாரம்.

வாசகர், லால்குடி: அவரோடு பழகிய தமிழர் ராமன் ஒருவர்தானா?

இல்லை, சுப்ரமணியன் சந்திரசேகரும் உண்டு, ராமனின் அண்ணன் மகன். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது போர்னின் அழைப்பில் 1931 கோடையைக் கோட்டிங்கனில் கழித்தார். அதாவது சித்தப்பா போர்னைப் பெங்களூருக்குக் கூப்பிடுவதற்கு நான்கு வருடம் முன்னாலேயே அண்ணன் மகன் அவர் வீட்டு வாசலை மிதித்துவிட்டார்.

பழைய பாட்டு ரசிகர், வேளச்சேரி: பாடகி ஒலிவியா நியூட்டன் ஜான் இவருடைய பேத்தி என்று பேரன் சொல்கிறான். கதை விடுகிறானா?

இல்லை, உங்கள் பேரன் சொல்வது நிஜம். போர்னின் மூத்த மகள் ஐரீனின் மகள் அவர், 1948இல் கேம்பிரிட்ஜில் பிறந்தார், ஐந்து வயதில் ஆஸ்திரேலியா போய்விட்டார். தாத்தா நன்றாகப் பியானோ வாசிப்பார், அந்த ரத்தமோ என்னவோ. பேத்தியின் முதல் பெரிய பாட்டு பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தது 1971இல், தாத்தா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.